போகும் வழிக்கு மட்டும் கலம் கட்டாதீர்கள்: அளவாய்வு விண்கல வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராவலர் என்ற விண்வெளிப் பாத்திரமேற்பு ஆட்டத்தை ஆடுபவர்களிடம், அறியாத கோள்களைப் போய் ஆராயும் ஓர் அளவாய்வுக் கலத்தை வடிவமைத்து வரச் சொன்னால், பெரும்பாலும் வருவது ஆயுதம் குறைந்த போர்க்கலம்தான். ஜம்ப்-4 (ஒரே தாவலில் நான்கு பார்செக்; ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), நான்கு ஜி முடுக்கம் (பூமி ஈர்ப்பைப் போல் நான்கு மடங்கு), மூன்று டரெட் (சுழலும் ஆயுத மேடை), நெருக்கித் தள்ளிய நாலு அறை. காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் பயணத்திலேயே போன இடத்தில் எரிபொருளின்றி நிற்கும். வணிகக் கலத்துக்கு இரு முனையிலும் துறைமுகம் உண்டு. அளவாய்வுக் கலத்துக்கு ஒரு முனையில்தான் உண்டு. இந்த ஒற்றை வித்தியாசத்தை மறந்ததால் வருபவைதான் கீழே உள்ள தவறுகளில் முக்கால்வாசி.

எண்கள் எல்லாம் 1977-இல் வந்து 1981-இல் திருத்தப்பட்ட கிளாசிக் டிராவலர் விதிகளின்படி. பிந்தைய பதிப்புகளில் எண்கள் மாறும், குறிப்பாகக் கலத்துக்கு மின்சாரம் தரும் பவர் பிளான்ட்டின் எரிபொருள் வெகுவாகக் குறையும். தவறுகள் மாறுவதில்லை.

டன்னை எடை என்று நினைப்பது

இந்த ஆட்டத்தில் டன் என்பது கன அளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர். தள வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரக் கட்டம் இரண்டு, உயரம் மூன்று மீட்டர். எடை என்று நினைப்பவர் "மூன்று டன் சரக்கறை போதாதா, எவ்வளவு பாறை வரும்!" என்பார். மூன்று டன் என்றால் ஆறு கட்டம். உணவுப் பெட்டி, உதிரி பாகம், விண்ணுடை எல்லாம் அடுக்கிய பிறகு அதில் பாறை வைக்க எங்கே இடம்?

கேபின் ஒன்றுக்கு 4 டன் ஒதுக்குகிறோம் என்பதற்காக எட்டுக் கட்டத்தையும் அறையாகவே வரைந்துவிடாதீர்கள். ஏறக்குறைய பாதிதான் அறை. மீதி நடைவழி, சாப்பாட்டுக் கூடம், குளியலறை. இதை மறந்தால் வரைபடத்தில் கலம் வீங்கிக்கொண்டே போகும்.

டைப்-எஸ் கலத்தை அப்படியே நம்புவது

எல்லோரும் தொடங்குவது டைப்-எஸ் எனப்படும் 100 டன் ஸ்கவுட்-கூரியரில்தான். அதன் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். டன்னில்: பிரிட்ஜ் (கட்டுப்பாட்டு அறை) 20, கணினி 1, ஜம்ப் டிரைவ் (விண்மீன்களிடையே தாவும் இயந்திரம்) 10, மனூவர் டிரைவ் (அமைப்புக்குள் ஓடும் இயந்திரம்) 1, பவர் பிளான்ட் 4, எரிபொருள் 40, நான்கு கேபின் 16, டரெட் 1, ஏர்-ராஃப்ட் (சிறு பறக்கும் வண்டி) 4, சரக்கு 3. மொத்தம் சரியாக 100. ஆட்டத்துப் பணத்தில் விலை 29.43 மெகாகிரெடிட், அதாவது சுமார் 2 கோடியே 94 லட்சம் கிரெடிட்.

இதில் ஆய்வுக்கென்று எத்தனை டன் இருக்கிறது? ஒன்றுமில்லை. பெயரில் ஸ்கவுட் இருந்தாலும் இது செய்தி சுமக்கும் கலம். ஓட்ட ஒரு பைலட் போதும். தபால்காரரின் சைக்கிளில் நில அளவைச் சங்கிலியையும் ஏற்றலாம்தான், ஆனால் அதற்காகச் செய்த வண்டி இல்லை அது.

ஜம்ப் எண்ணைப் பார்த்து மயங்குவது

ஒரு பார்செக் தாவ, கலத்தின் கூட்டின் (வெளி உடலின்) மொத்த அளவில் 10 சதவீதம் எரிபொருள் வேண்டும். 100 டன் கலத்தில் 40 டன் ஜம்ப் எரிபொருள் வைத்தால் ஒரு ஜம்ப்-4 போகலாம், அல்லது இரண்டு ஜம்ப்-2 போகலாம். புதியவர் முதலாவதைத் தேர்வார். நாலு பார்செக் தள்ளி, தொட்டி காலியாக, எரிபொருளான ஹைட்ரஜனை அள்ள, வியாழன் போன்ற வாயுக் கோள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாத ஒரு விண்மீன் அமைப்பில் போய் நிற்பார். இரண்டு ஜம்ப்-2 வைத்தவர் போய்ப் பார்த்துவிட்டு, எதுவும் கிடைக்கவில்லையென்றால் அப்படியே திரும்புவார். வேகம் தூதுக் கலத்துக்கு வேண்டியது. அளவாய்வுக்கு வேண்டியது திரும்பும் தொட்டி.

வழியில் எரிபொருள் அள்ளிக்கொள்ளலாம் என்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். கூடு காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவில் இருக்கிறதா? இல்லையென்றால் வாயுக் கோளின் மேலடுக்கில் அள்ள முடியாது, கடலிலும் இறங்க முடியாது. சுத்திகரிக்காத எரிபொருளை டிரைவ் தாங்குமா? ராணுவ, ஸ்கவுட் கலங்களின் டிரைவ்கள் தாங்கும். பழைய வணிகக் கலத்தை வாங்கி ஆய்வுக் கலமாக மாற்றினால் தாங்காது. தவறு ஜம்ப் ஆகி, பகடை கெட்டால், 36 பார்செக் வரை எங்கேயாவது தூக்கி எறியப்படலாம். மூன்றாவது நேரம். ஜம்ப் செய்யக் கோளிலிருந்து அதன் விட்டத்தைப் போல் நூறு மடங்கு விலக வேண்டும்; வியாழன் அளவுள்ள கோளின் நூறு விட்டம் என்பது ஏறத்தாழ 1.4 கோடி கிலோமீட்டர். 2 ஜி முடுக்கத்தில் உள்ளே வர 15 மணி நேரம், வெளியே போக மீண்டும் 15. 1 ஜி என்றால் 21, 21.

நாட்களைக் கணக்கிடாமல் விடுவது

பலர் கவனிக்காத தவறு இது. கிளாசிக் விதியில் பவர் பிளான்ட் எரிபொருள் நான்கு வாரம் வரும். எவ்வளவு தூரம் தாவினாலும் ஜம்புக்கு ஒரு வாரம் ஆகும், பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். போக ஒன்று, வர ஒன்று கழித்தால் ஆய்வுக்கு மிச்சம் இரண்டு வாரம். அதற்குள் அமைப்பின் உள்ளே அலைய வேண்டும். பூமிக்கும் வியாழனுக்கும் இடையில் மிகக் குறைந்த தூரத்தை எடுத்தாலும் 2 ஜி-யில் ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். இரண்டு கோள் பார்ப்பதற்குள் பயணம் முடிந்துவிடும்.

ஒரு பகடையில் உலகத்தையே அறிந்துவிடுவது

"சென்சார் போடறேன். என்ன தெரியுது?" பகடை உருள்கிறது, ஆட்டத்தை நடத்தும் நடுவர் கோளின் முழு விவரத்தையும் படித்துக் காட்டுகிறார், ஆய்வு முடிந்தது. கலத்தின் வேலையே அங்கே செத்துவிடுகிறது.

விதிநூல் தருவது கலங்களைக் கண்டறியும் தூரம். சாதாரணக் கலத்துக்கு அரை ஒளிவிநாடி, ஸ்கவுட்டுக்கும் ராணுவத்துக்கும் இரண்டு ஒளிவிநாடி, சுமார் 6 லட்சம் கிலோமீட்டர். கோளை வரைபடமாக்குவது வேறு வேலை. அங்கே முக்கியம் பட்டை அகலம்: கலம் ஒருமுறை சுற்றும்போது கீழே எத்தனை கிலோமீட்டர் அகலம் பதிவாகிறது என்பது. பூமி போன்ற கோளில் துருவச் சுற்றுப்பாதை ஒரு சுற்றுக்கு 90 நிமிடம், நாளுக்கு 16 சுற்று. நிலநடுக்கோடு 40,000 கிலோமீட்டர். பகல் வெளிச்சத்தில் மட்டும் படமெடுக்கும் கேமராவுக்கு:

- 1,000 கி.மீ. பட்டை: 40 சுற்று, இரண்டரை நாள். கண்டங்களும் கடலும் தெரியும்.
- 100 கி.மீ. பட்டை: 400 சுற்று, 25 நாள். ஆறுகள், எரிமலைகள் தெரியும்.
- 10 கி.மீ. பட்டை: 250 நாள். கட்டடம் தெரியும், ஆனால் உங்கள் எரிபொருள் என்றோ தீர்ந்திருக்கும்.

மேகம் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ரேடார் இரவிலும் பார்க்கும், அதனால் நாட்கள் பாதியாகும், மேகத்தையும் ஊடுருவும். நிஜத்திலும் இப்படித்தான். நாசாவின் மெகல்லன் கலம் 1990 முதல் 1994 வரை ரேடாரால் வெள்ளியின் 98 சதவீதத்தைப் படமாக்கியது. வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் எடுப்பதால் ஒரு முழு வரைபடச் சுற்றுக்கும் அத்தனை நாள் ஆயிற்று. செவ்வாயைச் சுற்றும் நாசாவின் எம்ஆர்ஓ (மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர்) கலத்தின் ஹைரைஸ் கேமரா ஒரு பிக்சலுக்கு 30 சென்டிமீட்டர் வரை காட்டுகிறது. 2006 முதல் படமெடுத்தும் கோளின் சில சதவீதத்தைத்தான் மூடியிருக்கிறது.

ஆட்டக்காரரை இங்கே தேர்வு செய்ய விடுங்கள். முழுக் கோளையும் மங்கலாகவா, ஒரு தீவை மட்டும் துல்லியமாகவா? இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால், அந்தத் தேர்வே அன்றைய ஆட்டத்தின் பாதி.

இடம் மிஞ்சினால் ஆய்வுக்கூடம்

சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் 1872-இல் கடலாய்வுக்குப் புறப்பட்டபோது, 17 பீரங்கிகளில் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆய்வுக்கூடமும் மாதிரி வைக்கும் அறையும் அமைத்தார்கள். விண்கலத்திலும் அதே வரிசைதான்: கூடத்துக்கு இடத்தை முதலில் எடுத்துவையுங்கள். டரெட் ஒன்றுக்கு ஒரு டன்தான், ஆனால் கூடவே ஆயுதத்துக்குப் பணமும், இயக்க ஓர் ஆளும், அவருக்கு நாலு டன் அறையும் வரும்.

மாதிரிகளுக்குத் தனி ஏர்லாக் வையுங்கள், மனிதர் வாழும் பகுதியோடு காற்றைப் பகிராத அறை வையுங்கள். நிலவுக்குப் போய் வந்த அப்போலோ 11 வீரர்களையே மூன்று வாரம் தனிமையில் வைத்தார்கள். அந்த அறை இல்லாத கலத்தில், ஒருவர் காலணியில் ஒட்டிய பூஞ்சை எல்லோருடைய பிரச்சினையாகும். நடுவருக்குக் கொண்டாட்டம்!

கருவிகளில் இரட்டை வையுங்கள். டார்வின் பயணம் செய்த பீகிள் என்ற அளவாய்வுக் கப்பல் 1831-இல் 22 துல்லியக் கடிகாரங்களுடன் கிளம்பியது. தீர்க்கரேகைக் கணக்கு ஒரே கடிகாரத்தை நம்பி இருக்கக்கூடாதே.

ஒரே ஒரு ஏர்-ராஃப்டும் இதே வகைத் தவறு. அது நான்கு பேரை ஏற்றும், மேல்மூடி இல்லாதது, சுற்றுப்பாதைக்குப் போக வேண்டுமானால் விண்ணுடை கட்டாயம். அது தரையில் பழுதானால் யார் போய் எடுப்பது? முழுக் கலத்தையும் அறியாத மண்ணில் இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஆட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேபினில் இருவருக்கு மேல் உயிர்காப்பு அமைப்பு தாங்காது. ஆளிருக்கும் ஒவ்வொரு கேபினுக்கும் இரண்டு வாரத்துக்கு 2,000 கிரெடிட் செலவு. ஆண்டுக்கொருமுறை ஏ அல்லது பி வகை (உயர்தர) விண்துறைமுகத்தில் இரண்டு வாரப் பராமரிப்பு வேண்டும். ஆண்டுக்கு மேல் நீளும் பயணம் திட்டமிடுபவர் இதை மறந்துவிடுவார்.

200 டன் கணக்கு ஒன்று

பி-வகை டிரைவ்கள் 200 டன் கூட்டில் ஜம்ப்-2-உம் 2 ஜி-யும் தரும். பிரிட்ஜ் 20, மாடல்-2 கணினி 2, மூன்று டிரைவ்களும் சேர்த்து 25. எரிபொருள் 100: இரண்டு ஜம்ப்-2-க்கு 80, பவர் பிளான்ட்டுக்கு 20. ஆறு கேபின் 24, ஏர்-ராஃப்ட் இரண்டு 8, ஆய்வுக்கூடம் 8, தனிமை அறையும் மாதிரிக் கிடங்கும் 5, சரக்கு 8. கூட்டினால் 200. டரெட் இல்லை.

வரைந்து முடித்ததும் ஆட்டத்துக்குக் கொண்டுபோகாமல், வாரவாரமாகக் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஜம்ப். இரண்டு, மூன்றாம் வாரம் ஆய்வு. வாயுக் கோளும் இல்லை, நீரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரம் திரும்பும் ஜம்ப். பவர் பிளான்ட் எரிபொருள் அன்றோடு தீர்ந்தது. ஜம்ப் பத்து சதவீதம் நீண்டால் கூடுதலாகும் 17 மணி நேரத்துக்கும், வெளியே வந்தபின் துறைமுகம் சேர 2 ஜி-யில் ஆகும் நாலரை மணி நேரத்துக்கும் ஒன்றுமில்லை. நான்கு வாரத்துக்கு 20 டன் என்றால் வாரத்துக்கு 5 டன். ஆகவே சரக்கிலிருந்து 5 டன்னை எரிபொருள் தொட்டிக்கு மாற்ற வேண்டும். சரக்கு 3 டன்னாகச் சுருங்கும், டைப்-எஸ் வைத்திருந்த அதே மூன்று. அது போதாது என்றால், ஒரு கேபினை எடுத்துவிட்டு இருவரை ஒரே அறையில் படுக்க வையுங்கள்.