பழனி மலையில் போகோனேட்டம் மாஸைக் கண்டறிந்து பாதுகாக்கும் முறை

தெப்பக்குளத்து நீரில் மிதக்கும் பச்சையையும், மழைக்குப் பின் மதிற்சுவரில் படரும் பச்சையையும் மதுரையில் நாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். சுவரில் இருப்பதைக் கிள்ளிப் பார்க்கையில் நுண்ணிய தண்டும் இலையும் தெரிந்தால், அது பாடநூல்கள் மாஸ் என்று குறிக்கும் வேறு வகைத் தாவரம். புதிதாகத் தொடங்குவோர் பார்த்துப் பழகுவதற்கு, கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரின் ஈரமான நிழற்சரிவுகளில் வளரும் போகோனேட்டம் என்னும் மாஸ் பேரினமே ஏற்றது என்பது என் கருத்து. இம்மலையின் மாஸ்களை, கொடைக்கானலை அடுத்த செண்பகனூரின் இயேசு சபைத் துறவி ஃபோரோ ஆராய்ந்து 1961இல் விரிவான பட்டியலாக வெளியிட்டுள்ளார்.

மார்கழியை ஒட்டிய நாட்களில் ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பேருந்து ஏறி, பெருமாள்மலைக்கு மேல் இறங்கிக்கொள்ளலாம். சாலைக்காக வெட்டிய மண்சுவர்களில் வெயில் நேராக விழாத பக்கத்தைத் தேட வேண்டும். 2013 முதல் இப்பகுதிக் காடுகள் வனவிலங்குச் சரணாலயம் ஆதலால் அங்கே அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாது. தனியார் தோட்டமாயின் உரிமையாளரைக் கேட்டு ஒரு சிட்டிகை எடுத்தால் போதும்.

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை அதனருகே கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். ஈரத்தில் விண்மீன்போல் விரிந்திருக்கும் குறுகிய கூரிய இலைகள், காய்ந்தால் தண்டை நோக்கி மடங்கிக்கொள்ளும். செடியின் உச்சியில் எழும் சிவந்த காம்பின் நுனியில், பழுப்பு மயிரடர்ந்த குல்லாய் ஒன்று வித்துப்பையை (ஸ்போர்கள் உருவாகும் பையை) மூடியிருக்கும். குல்லாயை மெல்ல உருவினால் உள்ளே விளிம்புகளற்ற உருளையான பை தெரியும். நெருங்கிய உறவான பாலிட்ரைக்கத்தில் அது விளிம்புகளுடன் பட்டைபட்டையாக இருக்கும். முதிர்ந்து மூடி உதிர்ந்த பையின் வாயில் 32 குட்டைப் பற்களும் அவற்றின் மேல் ஒரு மெல்லிய சவ்வும் உண்டு. பல்லிடுக்குகள் வழியே, மிளகுத்தூள் குப்பியிலிருந்து சிந்துவதுபோல, வித்துகள் சிறிது சிறிதாக வெளியேறும்.

எடுத்ததைப் பிளாஸ்டிக் பையில் இடக்கூடாது. என் முதல் மாதிரியை அப்படிக் கட்டி மூன்று நாள் மறந்துவிட்டேன். திறந்தபோது பூஞ்சணம்தான் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளின் கீழ்ப்பகுதியை மேலே மடித்து, இரு ஓரங்களையும் பின்புறம் மடக்கி, மேல் விளிம்பைக் கீழே மடித்தால் மருந்துப் பொட்டலம்போல் ஓர் உறை கிடைக்கும். மாதிரியை இடும் முன்பே இடம், நாள், உயரம், மண்ணா பாறையா என்ற விவரம் ஆகியவற்றை அதன்மேல் பென்சிலால் எழுதிவிட வேண்டும், ஏனெனில் மை ஈரத்தில் கரையும். வீட்டில் நிழலில், காற்றோட்டமாக உலர்த்தினால் போதும். பூச்செடிகளுக்குச் செய்வதுபோல் பாரம் வைத்து அழுத்தத் தேவையில்லை.

பிறகு எப்போது பார்க்க விரும்பினாலும் சில சொட்டு வெந்நீர் விட்டால் இலைகள் மீண்டும் விரியும். இனப்பெயரை உறுதிசெய்ய, இலையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி, மேற்பரப்பில் வரிசையாக நிற்கும் பச்சைத் தகடுகளின் விளிம்புச் செல்களை நுண்ணோக்கியில் காண வேண்டும். அந்த வசதி கிடைக்கும்வரை உறையின்மேல் போகோனேட்டம் என்று மட்டும் எழுதி வைக்கலாம்.