பெட்டி உடைந்து வந்ததா? எக்ஸ் தளத்தில் புகார் செய்வது எப்படி

போன வருஷம் டெல்லியிலிருந்து விமானத்தில் மதுரை வந்து இறங்கினேன். பெல்ட்டில் வந்த என் பெட்டியில் ஒரு சக்கரத்தைக் காணோம், மூலை பிளந்து உள்ளே இருந்த புடவை எட்டிப் பார்த்தது. விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் அரை மணி நேரமும் இசைதான். எக்ஸ் தளத்தில் எழுதியதும் ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அதே வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. வெளியே வராதீர்கள். விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே லக்கேஜ் கவுன்டருக்குப் போய் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவம் எழுதி, நகல் வாங்குங்கள். உடைந்த இடத்தையும் பெட்டியில் ஒட்டிய டேகையும் படம் எடுங்கள். இது கையில் இல்லாவிட்டால் பதிவு எவ்வளவு பரவினாலும் பயன் குறைவு. வெளிநாட்டுப் பயணம் என்றால், சேதத்துக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

2. சரியான கணக்கைப் பிடியுங்கள். எக்ஸில் தேடாதீர்கள். நிறுவனத்தின் வெப்சைட்டுக்குப் போய் அங்கே இருக்கும் இணைப்பு வழியாக வாருங்கள். நீல டிக்கை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், அதை நம்ப வேண்டாம்.

3. பதிவு எழுதுங்கள். "கேவலமான சர்வீஸ்" என்று எழுதினால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். நான் எழுதியது இது:

"இன்று காலை டெல்லி–மதுரை விமானத்தில் வந்த என் பெட்டியின் சக்கரம் உடைந்துள்ளது. கவுன்டரில் பி.ஐ.ஆர். பதிந்துவிட்டேன், படம் இணைத்துள்ளேன். பழுது பார்க்கும் செலவைத் தர வேண்டுகிறேன்."

என்ன நடந்தது, என்ன வேண்டும், அவ்வளவுதான். விமானம் ரத்து என்றால் விதியையும் ஒரு வரியில் சேருங்கள். முன்கூட்டியே சொல்லாமல், நிறுவனத்தின் காரணத்தால் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு கேட்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி இடம் தருகிறது. மழை, மூடுபனி என்றால் அது கிடைக்காது.

பி.என்.ஆர். எண், போர்டிங் பாஸ் படம், போன் நம்பர் எதையும் வெளியே போடவே கூடாது. பி.என்.ஆரும் உங்கள் பெயரும் கிடைத்தால் வேறு யாரும் உங்கள் டிக்கெட்டைத் திறந்துவிடலாம்.

4. போலிகளிடம் ஜாக்கிரதை. என் பதிவுக்கு முதலில் பதில் சொன்னது நிறுவனம் இல்லை. அதே லோகோ, பெயரில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். "உங்கள் நம்பரை அனுப்புங்கள், ரீஃபண்ட் தருகிறோம்" என்றது. கொடுத்திருந்தால் அடுத்து ஓ.டி.பி. கேட்டிருப்பார்கள், இல்லை ஏதாவது ஆப் இறக்கச் சொல்லியிருப்பார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

5. டி.எம்.மில், அதாவது மற்றவர்கள் பார்க்க முடியாத தனிச் செய்தியில் பேசுங்கள். உண்மையான கணக்கு கூப்பிட்டதும் பி.என்.ஆரையும் பி.ஐ.ஆர். எண்ணையும் அங்கே கொடுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதிரே தட்டச்சு செய்பவர் பெட்டியை உடைத்தவர் இல்லை, அவரிடம் தன்மையாகவே பேசுங்கள்.

இரண்டு மூன்று நாளாகியும் அசைவில்லையா? அதே பதிவின் கீழே புகார் எண்ணோடு மறுபடி கேளுங்கள். அப்புறம் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட்களோடு புகாரைப் பதியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது.