பழைய கிராமத்து வீடு வாங்கப் போகிறீர்களா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, சர்வே பற்றி

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ சில வருடம் வாடகை கட்டிக் களைத்தவர்கள் ஒரு கட்டத்தில் ஹெரிஃபோர்ட்ஷயர், டெவன், நார்ஃபோக் பக்கம் வீட்டு விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கல் சுவர், பெரிய தோட்டம், உள்ளே கறுத்துப்போன ஓக் உத்தரம், விலையோ லண்டனில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குக் கேட்பதுதான். நானும் மனைவியும் அப்படித்தான் போனோம். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இன்றைக்கும் அப்படியொரு வீட்டில்தான் சந்தோஷமாக இருக்கிறோம். ஆனால் இங்கே வீடு வாங்கும் முறையில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு படி இருக்கிறது, அதை அவசரத்தில் தாண்டிவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சர்வேயர் என்றதும் நமக்கு நிலம் அளக்க வருபவர்தான் நினைவுக்கு வருவார். இங்கே வீட்டு சர்வேயர் என்றால் கட்டடத்தைப் பரிசோதித்து, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதித் தருபவர். ஊரில் வீடு வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்போம், கட்டடத்துக்குத் தெரிந்த கொத்தனாரை அழைத்துப் போய் ஒரு வார்த்தை கேட்போம். இங்கே பத்திர வேலையை சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார், ஆனால் அவர் வீட்டுப் பக்கமே போகமாட்டார். எஸ்டேட் ஏஜென்ட் விற்பவரின் ஆள். ஆக, சுவரும் கூரையும் எப்படி இருக்கின்றன என்று உங்கள் பக்கம் நின்று பார்க்க நீங்களாக ஒருவரை அமர்த்தினால்தான் உண்டு. வாங்கியபின் கூரை ஒழுகினால் விற்றவரைப் போய்க் கேட்க முடியாது. அவர் எழுத்தில் பொய் சொல்லியிருந்தால் வழக்குக்கு இடமுண்டு, அதுவும் லேசில் முடியாது. மற்றபடி, பார்த்து வாங்கவேண்டியது வாங்குபவரின் பொறுப்பு என்பதுதான் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தின் அடிப்படை. (ஸ்காட்லாந்தில் முறையே வேறு. 2008 டிசம்பரிலிருந்து விற்பவரே ஹோம் ரிப்போர்ட் என்ற அறிக்கையைத் தயாரித்துத் தரவேண்டும். நான் எழுதுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.)

இப்போது பலர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். கடன் தரும் வங்கி வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பும், அதற்குப் பெயர் வேல்யுவேஷன். "பேங்க்காரனே பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட்டான், அப்புறம் நமக்கு எதற்குத் தனியாக இன்னொரு செலவு" என்று நினைத்துவிடுகிறோம். வங்கி கேட்பது ஒரே கேள்வி: நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் போனால், இந்த வீட்டை விற்று, கொடுத்த கடனைத் திரும்ப எடுக்க முடியுமா? அந்தக் கேள்விக்குப் பரணில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. சில சமயம் யாரும் நேரில் வராமல் கணினியிலேயே மதிப்புப் போட்டுவிடுவார்கள். நாங்கள் முதலில் விலை பேசிய வீடு 1840களில் கட்டிய செங்கல் வீடு. வங்கியின் மதிப்பீட்டில் எந்தச் சிக்கலும் வரவில்லை. எங்கள் சர்வேயர் பரணுக்குள் டார்ச்சோடு போய் இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தார். யாரோ எப்போதோ கீழ் அறையை அகலமாக்க, சுவரோடு இருந்த புகைபோக்கியின் அடிப்பாகத்தை இடித்து எடுத்திருக்கிறார்கள். கூரைக்கு மேலே நிற்கிற ஒன்றரை ஆள் உயரச் செங்கல் தூண் பரணில் இரண்டு பழைய மரச்சட்டங்களின்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் குழந்தையின் அறை என்று நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். அன்று வீடு திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சர்வேயில் மூன்று நிலை உண்டு. ஆர்.ஐ.சி.எஸ் என்று சொல்லப்படுகிற, 1868இல் தொடங்கிய சர்வேயர்களின் அமைப்பு லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் ஓரளவு புதிய, வழக்கமான முறையில் கட்டிய வீடுகளுக்கு. கல் வீடு, மரச்சட்ட வீடு, டெவனில் இருக்கும் மண்சுவர் வீடு, வைக்கோலோ நாணலோ வேய்ந்த வீடு, அங்கங்கே ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கிய வீடு, இவை எல்லாவற்றுக்கும் லெவல் 3தான். பழைய ஆட்கள் இதையே ஸ்ட்ரக்சுரல் சர்வே என்பார்கள். செலவு ஆயிரம் பவுண்டுக்கு முன்னே பின்னே, வீடு பெரிதென்றால் அதற்கும் மேலே போகும். கையிலிருந்து போகிற பணம்தான், வீடு கைமாறாவிட்டால் திரும்பி வராது. இருந்தாலும் இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஏஜென்ட் கையில் திணிக்கிற அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நீங்களே தேடுங்கள். ஆர்.ஐ.சி.எஸ் தளத்தில் அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடலாம். இரண்டு மூன்று பேரை ஃபோனில் கூப்பிட்டு, 1919க்கு முந்தைய வீடுகளை அடிக்கடி பார்க்கிறாரா, அந்த வட்டாரத்துக் கல்லும் மண்ணும் அவருக்குப் பழக்கமா என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்து பற்றிக் கேட்டுப் பாருங்கள், உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் சரியான ஆள். நீங்கள் அந்த வீட்டில் என்ன செய்ய நினைக்கிறீர்கள், எந்தச் சுவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிகிற நேரத்துக்கு நேரில் போய் நிற்க முடிந்தால் கட்டாயம் போங்கள். அறிக்கையில் பொறுப்புக்குப் பயந்து சுற்றி வளைத்து எழுதுவதை நேரில் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். "உங்கள் தங்கைக்கு வாங்குவதாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று நான் கேட்டேன். அதற்கு வந்த பதில் எழுபது பக்க அறிக்கையைவிட எனக்கு உதவியது.

பழைய வீடு என்றால் அறிக்கையில் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், என்ற சொல் வராமல் இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் காரணத்தைக் கேட்காமல் விடவும் வேண்டாம். 1919க்கு முந்தைய வீடுகள் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைக் கனச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. மழையில் சுவர் கொஞ்சம் ஈரம் குடிக்கும், காற்றடித்தால் அந்த ஈரம் சுண்ணாம்பு வழியாகவே வெளியே போய்விடும். நம் ஊர்ப் பழைய காரை வீடுகளும் இப்படித்தான் நூறு வருடம் நின்றன. பின்னாளில் வந்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்து அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரிலேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையை அரித்துவிடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று அழகாகத்தான் இருக்கும்.

இலவசமாக ஓதம் பார்த்துத் தருகிறேன் என்று வருகிற நிறுவனங்களிடம் கவனமாக இருங்கள். அவர்கள் விற்பது ஓதத்தைத் தடுக்கச் சுவருக்கு ஊசி போட்டு மருந்து ஏற்றும் வேலை, பார்ப்பதும் அவர்களே. சுவரில் குத்திக் காட்டுகிற இரண்டு முள் மீட்டர் மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது, பழைய சுவரில் உப்பு இருந்தாலே அது உச்சத்துக்குப் போய்விடும். நிஜக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: வெளியே மண் மேடு ஏறி வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கும், அல்லது கூரை ஓரத் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும். மண்வெட்டியும் ஏணியும் போதும். சந்தேகம் இருந்தால் வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், சுருக்கமாக ஸ்பேப், ஃபோனிலேயே ஆலோசனை சொல்கிறது. அவர்களுக்கு விற்க மருந்து எதுவும் இல்லை.

விரிசல் விஷயத்திலும் அளவு தெரிந்தால் பயம் குறையும். இங்கே 0 முதல் 5 வரை ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளவை 0, 1, 2 என்ற படிகளில் வரும், இவை பெரும்பாலும் பூசி மறைக்கக்கூடியவை. 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் 5, அது வீட்டையே தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலை. அகலத்தைவிட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா, எப்போதோ நகர்ந்து நின்றுவிட்டதா என்பது. தென்கிழக்கில் களிமண் பூமி, கோடையில் மண் சுருங்கும், பக்கத்தில் ஓக், வில்லோ, பாப்லர் மரம் இருந்தால் இன்னும் சுருங்கும். 1976 வறட்சியில் அப்படி நிறைய வீடுகள் அசைந்தன. சர்வேயருக்குச் சந்தேகம் வந்தால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைப் பார்க்கச் சொல்லி எழுதுவார். இவர் வேறு ஆள், சர்வேயர் வேறு ஆள். புகைபோக்கிக்கு நாங்கள் அழைத்தது எஞ்சினியரைத்தான்.

சர்வேயர் எதைப் பார்க்கமாட்டார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டைக் கிழித்தோ, கனமான அலமாரியை நகர்த்தியோ, சுவரைத் துளைத்தோ பார்க்கமாட்டார், அது இன்னும் விற்பவரின் வீடு. மின்சாரம், பாய்லர், சாக்கடைக் குழாய் எல்லாம் மேலோட்டமாகத்தான். அவற்றுக்குத் தனித்தனி ஆள் வேண்டும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவரைக் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் பொதுச் சாக்கடை இல்லாத வீடுகள் நிறைய. செப்டிக் டேங்க் நமக்குப் புதிதல்ல, ஆனால் இங்கே விதி கடுமை. டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ கலந்தால், அதை 2020 ஜனவரி 1க்குள்ளோ, அதற்கு முன்பே வீட்டை விற்றால் அப்போதோ மாற்றியிருக்க வேண்டும். மாற்றாத வீடுகள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, செலவு உங்கள் தலையில் விழும். டேங்க் யாருடைய நிலத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று சொலிசிட்டர் மூலம் எழுத்தில் கேளுங்கள். குடிநீர் கிணறோ ஊற்றோ என்றால் தண்ணீரைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்ன்வால், டெவனில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கான்கிரீட் கல்லால் கட்டிய வீடென்றால் அந்தக் கான்கிரீட் உள்ளுக்குள் சிதைகிறதா என்று பார்க்கும் மண்டிக் சோதனை இல்லாமல் வங்கி கடன் தராது. அந்தப் பக்கமே பாறையிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும், அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரெலைத் தாண்டினால் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். குளிரைத் தடுக்கப் பரணில் கூரையின் உட்புறம் நுரை அடித்து வைத்திருந்தால் பல வங்கிகள் பின்வாங்கும். வௌவால் குடியிருந்தால் அதைத் தொடக்கூடச் சட்டம் விடாது, கூரை வேலைக்கு முன் உரிமம் வாங்க வேண்டிவரும். கரையான் பயம் இல்லை, ஆனால் ஓக் மரத்தைத் துளைக்கிற வண்டு உண்டு. பழைய ஓட்டைகள் இருப்பது சகஜம், கீழே புதுத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலிடப்பட்ட கட்டடம் (லிஸ்டட் பில்டிங், வரலாற்று மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது) என்றால் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிரேடு 1, 2 நட்சத்திரம், 2 என்று வகுத்திருப்பார்கள், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பின் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் அதில் மாற்றம் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் திருட்டுத்தனமாகப் பழைய ஜன்னலை எடுத்து பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளரான உங்களுக்கு வரும், அதற்குக் கால வரம்பும் கிடையாது. எந்த மாற்றம் புதிது என்று சர்வேயரைக் குறிக்கச் சொல்லி, அந்தப் பட்டியலைச் சொலிசிட்டரிடம் கொடுத்து அனுமதிக் கடிதங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் சிவப்பில் 3 என்று போட்டிருப்பதைப் பார்த்து அன்றிரவே வீட்டைக் கைவிடாதீர்கள். பழைய வீட்டில் நான்கைந்து சிவப்பு இருக்கத்தான் செய்யும். 1 என்றால் நலம், 2 என்றால் பழுது, ஆனால் அவசரமில்லை, 3 என்றால் அவசரம் அல்லது மேலும் ஆராய வேண்டும். சர்வேயரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சிவப்பும் ஆயிரங்களா பத்தாயிரங்களா என்று கேளுங்கள். பெரியவற்றுக்கு வேலைக்காரரிடம் எழுத்தில் செலவு மதிப்பு வாங்கி, ஏஜென்ட் மூலம் விலையைத் திரும்பப் பேசுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இங்கே இது சாதாரண நடைமுறை. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு பக்கமும் பரிமாறி விற்பனையை உறுதியாக்கும் நாள்வரை யாரும் விலகிக்கொள்ளலாம், பரிமாறியபின் விலகினால் வழக்கமாகக் கட்டும் 10 சதவீத முன்பணம் போய்விடும். அதனால் பேச வேண்டியதையெல்லாம் அந்த நாளுக்கு முன்னால் பேசிவிடுங்கள். எங்கள் புகைபோக்கி விஷயத்தில் விற்பவர் இறங்கி வரவில்லை, நாங்கள் விலகினோம். சர்வே பணம் போனது. எட்டு மாதம் கழித்து இப்போதைய வீடு கிடைத்தது.

கையெழுத்துப் போடும் முன் அறிக்கையை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை வீட்டுக்குப் போங்கள், முடிந்தால் நல்ல மழை நாளில். உள்ளே போகும் அவசரம் வேண்டாம், குடையோடு வெளியே நின்று கூரைத் தண்ணீர் எங்கே இறங்கி எங்கே தேங்குகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள், அப்புறம் உள்ளே போய் அதே இடத்துச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.