அரசு கவிழும் என்று எழுதும் முன்: ஆஸ்திரேலியத் தேர்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. மெல்போர்னில் தமிழ்ச் சமூக வானொலியில் அரசியல் அலசல் செய்யும் தம்பி ஒருவர் ஸ்கிரிப்டோடு வீட்டுக்கு வந்தார். தலைப்பு "அல்பனீசி ஆட்சியின் கடைசி நாட்கள்". அல்பனீசி அப்போது தொழிற்கட்சியின் பிரதமர். "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க, நாளைக்குப் பதிவு" என்றார். காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். அதில் இருந்த ஒவ்வொரு தவறும் ஒரு காலத்தில் நானே செய்தது. சிலவற்றை ஒரு தடவைக்கு மேலும் செய்திருக்கிறேன்.

மக்களுக்குப் பிடிக்காத அரசு ஆஸ்திரேலியாவில் மறுபடி ஜெயிக்க முடியுமா? முடியும், பல தடவை ஜெயித்திருக்கிறது. அது எப்படி என்பதில்தான் புதிதாக எழுத வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தொகுதிப் பெயரை மாற்றி எழுதுவது, மாநிலத் தேர்தலையும் கூட்டாட்சித் தேர்தலையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைக் கேட்பவர்களே திருத்திவிடுவார்கள்.

எதிரே நிற்பவரை மறந்துவிடுவது

பிரதமர் மீது எத்தனை பேருக்கு அதிருப்தி என்று கருத்துக்கணிப்பு கேட்கும். தேர்தல் கேட்பது வேறு: இவரா, அவரா?

1993 மார்ச்சில் பிரதமர் பால் கீட்டிங் தேர்தலைச் சந்தித்தபோது வேலையின்மை பத்து சதவீதத்துக்கு மேல். பொருளாதாரச் சரிவு, அவருடைய திமிர்ப் பேச்சு, பத்து வருடத் தொழிற்கட்சி ஆட்சி என்று மூன்றுமே மக்களுக்கு அலுத்திருந்தன. எதிர்க்கட்சி தோற்கவே முடியாத தேர்தல் என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் 15 சதவீத ஜிஎஸ்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு தொலைக்காட்சிப் பேட்டியில் எளிய கேள்வி ஒன்று வந்தது: உங்கள் வரி வந்தால் ஒரு பிறந்தநாள் கேக் விலை கூடுமா, குறையுமா? கேக்கை அலங்கரித்திருக்கிறதா, மேலே மெழுகுவர்த்தி உண்டா என்றெல்லாம் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த அந்த மனிதர் விளக்கிக்கொண்டே போனார். ஆமாம், இல்லை என்ற பதில் மட்டும் வரவில்லை. அதுவரை கீட்டிங் மீது இருந்த தேர்தல், ஹியூசன் மீதான தேர்தலாகத் திரும்பிவிட்டது. கீட்டிங் ஜெயித்ததோடு இடங்களையும் கூட்டிக்கொண்டார்.

2025லும் ஏறக்குறைய இதே கதை. அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுத்துவேன் என்று மார்ச்சில் சொன்ன எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன், ஏப்ரலில் அதை வாபஸ் வாங்கினார். தம்பியின் ஸ்கிரிப்டில் டட்டன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு இடம்.

முதல் எண்ணை முடிவு என்று படிப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்கு வாக்கு எண்ணிக்கை என்றாலே 'முன்னிலை' என்ற சொல்தான். யார் அதிக வாக்கு வாங்கினாரோ அவர் எம்.எல்.ஏ., மற்றவருக்கு டெபாசிட் கிடைத்ததா, போனதா என்பதோடு கதை முடிந்தது. இங்கே 1918லிருந்து விருப்ப வாக்கு முறை. பிரதிநிதிகள் சபைக்கான பச்சைச் சீட்டில் எட்டு வேட்பாளர்கள் இருந்தால் எட்டுக் கட்டத்திலும் எண் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வந்தால் அந்தச் சீட்டு செல்லாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சும் வரை இப்படியே போகும்.

கூடவே வாக்களிப்பது கட்டாயம். 1925 தேர்தலிலிருந்தே அப்படித்தான். போகாவிட்டால் இருபது டாலர் அபராதம்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மற்ற நாடுகளில் அரசு மீது கோபம் கொண்ட பழைய ஆதரவாளர் வீட்டிலேயே இருந்துவிடுவார், அரசு அதனாலேயே தோற்கும். இங்கே அவர் வந்தே ஆக வேண்டும். வந்து, கோபத்தில் ஒன்றாம் எண்ணை ஒரு சின்னக் கட்சிக்குப் போட்டுவிடலாம். ஆனால் கீழே போகும்போது அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் ஏதோ ஓர் எண் போட்டுத்தான் ஆக வேண்டும். அரசு ஐந்து, எதிர்க்கட்சி ஆறு என்று போட்டால் அது அரசுக்கு முழு ஓட்டு. கணிப்பாளரிடம் "இந்த அரசு சரியில்லை" என்று சொன்னவரும் இதே ஆள்தான். இரண்டு இடத்திலும் அவர் பொய் சொல்லவில்லை.

1990இல் பாப் ஹாக்கின் தொழிற்கட்சி அரசு இப்படித்தான் பிழைத்தது. வீட்டுக்கடன் வட்டி 17 சதவீதம். முதல் விருப்பத்தில் தொழிற்கட்சிக்கு 39 சதவீதம் சொச்சம், லிபரல்–நேஷனல் கூட்டணிக்கு 43க்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் ஆட்சி போயிற்று. ஆனால் அன்று ஜனநாயகவாதிகள் என்ற சின்னக் கட்சிக்கு 11 சதவீதம் கிடைத்திருந்தது. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கிரஹாம் ரிச்சர்ட்சன் போட்ட திட்டமே அதுதான்: எங்கள் மீது கோபமா, சரி, அவர்களுக்கே ஒன்று போடுங்கள், இரண்டாவதை எங்களுக்குக் கொடுங்கள். கொடுத்தார்கள். 148 இடங்களில் ஹாக்குக்கு 78.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். தெரிந்தும் தப்புச் செய்தேன்.

இங்கே வந்து குடியுரிமை வாங்கிய புதிதில் ஒரு வேட்பாளருக்கு எண்ணிக்கை முகவராகப் போனேன். ஸ்க்ரூட்டினியர் என்பார்கள். கட்சி எது என்பது இங்கே வேண்டாம். ஒரு ஆரம்பப் பள்ளிக் கூடம், குட்டி நாற்காலிகள், சுவரில் குழந்தைகள் வரைந்த கங்காரு. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். முத்திரையை உடைத்துப் பெட்டிகளை நீள மேஜையில் கவிழ்த்தார்கள். சீட்டுகளை விரித்து வேட்பாளர் வாரியாக அடுக்கினார்கள். நாம் பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம், விரலால் தொடக்கூடாது. என் கண் இரண்டு அடுக்குகளின் உயரத்திலேயே இருந்தது. எங்கள் ஆளின் அடுக்கு குட்டையாக இருந்தது, எண்ணியபோதும் ஐம்பது சொச்சம் குறைவு. வெளியே ஓடினேன். தேர்தல் அலுவலகத்துக்கு போன் போட்டு, "நம்ம பூத் போச்சு" என்றேன்.

உள்ளே திரும்பி வந்தபோது அலுவலர்கள் சின்னக் கட்சிகளின் அடுக்குகளைக் கையில் எடுத்திருந்தார்கள். தேர்தல் ஆணையம் முன்கூட்டியே குறித்து வைத்த இரண்டு வேட்பாளர்களில் யாருக்குச் சிறிய எண் இருக்கிறது என்று பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். இந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் எங்கள் அடுக்கு உயர்ந்துவிட்டது. பூத்தில் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

அதற்குள் என் போன் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. பக்கத்து இரண்டு பூத்களில் இருந்த எங்கள் முகவர்களிடம், இனி இருந்து பயனில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இழுபறியில் இருந்த தொகுதி அது. செல்லாத சீட்டு எது, செல்லும் சீட்டு எது என்று வாதாட வேண்டிய நேரத்தில் அங்கே எங்கள் ஆள் இல்லை. எத்தனை சீட்டு போயிற்று என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அடுத்த தேர்தலில் என்னை உள்ளே விடவில்லை. வாக்குச்சாவடிக்கு வெளியே வாக்காளர்களுக்கு விற்கும் சாசேஜைப் புரட்டும் இடுக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது தம்பியின் ஸ்கிரிப்டுக்கு வருவோம். அதன் முதல் பத்தியே, தொழிற்கட்சிக்கு வெறும் 31 சதவீதம், எந்த அரசும் இதில் பிழைக்காது என்றுதான் ஆரம்பித்தது. 2022இல் அல்பனீசி ஆட்சிக்கு வந்ததே 32.6 சதவீதத்தில், அதுவும் கூட்டணியைவிடக் குறைவாக வாங்கி. பசுமைக் கட்சிக்கு ஒன்று போடுகிறவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் கடைசியில் தொழிற்கட்சிப் பக்கம்தான் வருவார்கள். அப்படியானால் கேட்க வேண்டியது 31 போதுமா என்று அல்ல. மீதி 69 பேர் எங்கே நிற்கிறார்கள், அங்கிருந்து எந்தப் பக்கம் இறங்குவார்கள் என்று. 2025 மே 3ஆம் தேதி தொழிற்கட்சி வாங்கியது 34.6. இடங்கள், 150இல் 94.

இன்னொன்று. போன தேர்தலில் பிரிந்த மாதிரியேதான் இந்தத் தடவையும் பிரியும் என்று எழுதிவிடாதீர்கள். 2016இல் ஒன் நேஷன் கட்சியின் வாக்குகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தன. 2019இல் சுமார் 65 சதவீதம் கூட்டணிக்குப் போனது. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இழுபறித் தொகுதியில் அதுதான் எம்.பி. யார் என்று சொல்லும்.

நாடு முழுவதற்குமான சதவீதத்தை இடமாக மாற்றுவது

1998. இரு கட்சிக் கணக்கில், அதாவது விருப்பங்களையெல்லாம் இரண்டு பெரிய பக்கங்களுக்குப் பிரித்த பிறகு, கிம் பீஸ்லியின் தொழிற்கட்சிக்கு 51 சதவீதம், கூட்டணியின் பிரதமர் ஜான் ஹவார்டுக்கு 49. ஆட்சி ஹவார்டுக்கு, 148இல் 80 இடங்களோடு. கோட்டைத் தொகுதிகளில் குவிந்த வாக்கு அங்கேயே கிடந்து வீணாகும். கோபம் எவ்வளவு என்பதோடு எங்கே என்றும் கேளுங்கள்.

எல்லாக் கணிப்பும் ஒன்றாகச் சொல்வதால் சரி என்று நம்புவது

2019 மே. நியூஸ்போல் என்ற கருத்துக்கணிப்பில் ஐம்பது தடவைக்கும் மேல் தொடர்ந்து கூட்டணி அரசு பின்தங்கியிருந்தது. கடைசி வாரத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் எடுத்ததும் 51, 52 என்று தொழிற்கட்சிக்கே சொன்னது. ஒரு பந்தய நிறுவனம் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பே தொழிற்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் ஜெயிப்பார் என்று பணம் கட்டியவர்களுக்குப் பட்டுவாடாவே செய்துவிட்டது. வந்த முடிவு பிரதமர் ஸ்காட் மாரிசனின் கூட்டணிக்கு 51.5.

கணிப்பு இரண்டு மூன்று புள்ளி தவறுவது சாதாரணம். ஆனால் தவறு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிதறித்தான் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்தால் உஷாராக வேண்டும். அந்த வாரம் நான் உஷாராகவில்லை.

இடைத்தேர்தலை ஒத்திகை என்று நினைப்பது

2001 மார்ச்சில் ரயன் தொகுதி இடைத்தேர்தலில் ஹவார்டின் கட்சி தோற்றது, நவம்பரில் அவர் நாட்டை ஜெயித்தார்.

பந்தய விலையை ஆதாரமாகக் காட்டுவது

2019இல் முன்கூட்டியே பட்டுவாடா செய்த நிறுவனத்தை மேலே பார்க்க.

'1993 மாதிரி' என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது

இது எதிர்ப்பக்கத் தவறு. மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, பிடிக்காத அரசு எப்படியும் தப்பிவிடும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 1993இல் தப்பிய அதே கீட்டிங்கை 1996இல் வாக்காளர்கள் காத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2007இல் ஹவார்ட் ஆட்சியோடு தன் பென்னலாங் தொகுதியையும் இழந்தார். எதிரே பயமுறுத்தாத ஒரு ஆள் நின்றால், அரசு மீதுள்ள வெறுப்பு வெறுப்பாகவே எண்ணப்படும்.

தம்பி அன்று ஸ்கிரிப்டை மாற்றிக்கொண்டார். தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார், டட்டனுக்கு ஒரு பத்தி ஒதுக்கினார், 31 சதவீதத்தைத் தூக்கிவிட்டு விருப்ப வாக்கை அழகாக விளக்கினார். கேட்டுவிட்டுப் பாராட்டி மெசேஜ்கூட அனுப்பினேன். அப்புறம் மே 3 இரவு வந்தது. பத்து மணி வாக்கில் போன். "அண்ணா, மெல்போர்ன் தொகுதியில ஆடம் பாண்ட் பல ஆயிரம் ஓட்டு முன்னிலை. பசுமைக் கட்சித் தலைவர் தப்பிச்சிட்டாருன்னு ரேடியோல சொல்லிட்டேன்."

"முதல் எண்ணா, கடைசி எண்ணா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

லிபரலுக்கு ஒன்று போட்டவர்களில் பெரும்பாலோர் பாண்டுக்கு மேலே தொழிற்கட்சியை வைத்திருந்தார்கள். 2010லிருந்து தன்னிடம் இருந்த தொகுதி போய்விட்டது என்று வியாழக்கிழமை அவர் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ்: "நான் முன்னிலைன்னுதானே சொன்னேன் அண்ணா?"