பன்றி வைரஸ் புரதம் செல்லின் எம்ஆர்என்ஏ-வை உட்கருவில் அடைக்கிறதா? சோதிக்கும் முறை

பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுக்கோளாறும் தரும் பிஆர்ஆர்எஸ் வைரஸில் என்எஸ்பி1-பீட்டா என்றொரு புரதம் உண்டு. உட்கருத் துளையில் உள்ள நூப்62 என்ற புரதத்தை அது பற்றிக்கொள்ளும். மரபணு படியெடுக்கப்பட்டாலும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். முழுச் செல்லையும் கரைத்து அளந்தால் இந்தத் தேக்கம் கண்ணில் படாது. ஆகவே உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

செல்லும் பிளாஸ்மிடும்

பிகே-15 என்ற பன்றிச் சிறுநீரகச் செல் போதும். வைரஸ் உள்ளே நுழையத் தேவையான சிடி163 ஏற்பி அதில் இல்லை, வைரஸ் தொற்றாது. நமக்கு வேண்டியதோ ஒரு புரதம் மட்டுமே. பன்றி சர்க்கோவைரஸ்-1 முதலில் கண்டறியப்பட்டதே பிகே-15 செல்லில்தான், 1974-இல். எனவே உங்கள் செல்லில் அதுவும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவும் இல்லையென்று பிசிஆர் செய்து பார்த்துவிடுங்கள்.

மூன்று பிளாஸ்மிடுகள் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வட்ட டிஎன்ஏ) வேண்டும்: வெற்று, ஃபிளாக் (ஆன்டிபாடியால் அடையாளம் காண ஒட்டும் சிறு துண்டு) ஒட்டிய என்எஸ்பி1-பீட்டா, 126-ஆம் லூசினை அலனினாக்கிய அதன் பிறழ்வு. அடைக்கும் திறனை இழந்த இந்தப் பிறழ்வுதான் சரியான ஒப்பீடு. பிளாஸ்மிட் டிஎன்ஏ-வே செல்லை உசுப்பிவிடும் என்பதால் வெற்றுப் பிளாஸ்மிடையும் விடக்கூடாது.

முதல் இரண்டு நாள்

6 குழித் தட்டில் குழிக்கு 4 லட்சம் செல்கள். மறுநாள் 70–80% நிரம்பியதும் 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிடை அதைச் செல்லுக்குள் சேர்க்கும் 6 மைக்ரோலிட்டர் லிப்பிடுடன் கலந்து விடுங்கள்.

மூன்றாம் நாள்

24 மணி நேரம் கழித்து 1 மைக்ரோகிராம் பாலி ஐசி-யை (வைரஸ் ஆர்என்ஏ போன்ற செயற்கை ஆர்என்ஏ) லிப்பிடுடன் செலுத்தி 8 மணி நேரம் விடுங்கள். இன்டர்ஃபெரான்-பீட்டா எம்ஆர்என்ஏ புதிதாக உருவாகும்; அதைத்தான் அளக்கப்போகிறோம். எல்லாச் செல்லிலும் எப்போதும் இருக்கும் ஜிஏபிடிஹெச் போன்ற நீண்ட ஆயுள் எம்ஆர்என்ஏ ஏற்கெனவே வெளியில் நிறைந்திருப்பதால் அதில் மாற்றம் மங்கலாகவே தெரியும்.

பிரித்தல்

கரைசலில் சேர வேண்டியவை: 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச் 8.0), 140 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.5% என்பி-40, ஆர்என்ஏஸ் தடுப்பான். இதில் 175 மைக்ரோலிட்டரில் செல்லைக் கரைத்து, பனிக்கட்டியில் 5 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 300 ஜி-யில் 2 நிமிடம் சுழற்றுங்கள். மேல் திரவம் சைட்டோபிளாசம், அடியில் படிந்தது உட்கரு. படிவை ஒருமுறை கழுவி, அதே கரைசலில் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வேகமாக உறிஞ்சி ஊதினால் உட்கரு உடைந்து இரண்டும் கலந்துவிடும். உட்கருவிலேயே தங்கும் யூ6 ஆர்என்ஏ மேல் திரவத்தில் ஏராளமாக வந்தால் பிரித்தது சரியில்லை, திரும்பச் செய்யுங்கள்.

அளத்தல்

இரண்டு பகுதிகளுக்கும் ட்ரைசால் (ஆர்என்ஏ-வைப் பிரித்தெடுக்கும் திரவம்) ஊற்றியதும், ஆய்வுக்கூடத்தில் தயாரித்த, பன்றிச் செல்லில் இல்லாத லூசிஃபெரேஸ் ஆர்என்ஏ-வை ஒப்பீட்டு அளவாக ஒரே அளவில் சேருங்கள். பல ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக ஜிஏபிடிஹெச்-ஐ வைத்தே சரிசெய்யும். இங்கே அது கூடாது: அடைப்பு அதையும் ஓரளவு தாக்குவதால், வகுத்ததும் நீங்கள் தேடும் வித்தியாசம் குறைந்துவிடும்.

ஆர்என்ஏ-வை எடை பார்த்துச் சமமாக்காமல், ஒரே கன அளவில் எடுங்கள். டிஎன்ஏஸ் இட்டு, ஆறு எழுத்துச் சீரற்ற ப்ரைமரால் சிடிஎன்ஏ ஆக்குங்கள்; எம்ஆர்என்ஏ-வின் ஏ-வாலில் ஒட்டும் ஒலிகோ டிடி-யில் வாலில்லாத யூ6 வராது. ஆர்டி (ஆர்என்ஏ-வை சிடிஎன்ஏ ஆக்கும்) நொதி சேர்க்காத குழாயிலும் சமிக்ஞை வந்தால் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறது.

இன்டர்ஃபெரான்-பீட்டாவின் சிடி மதிப்பிலிருந்து (பிசிஆரில் சமிக்ஞை தென்படும் சுற்று எண்) லூசிஃபெரேஸ் சிடி-யைக் கழித்துவிட்டு, சைட்டோபிளாச மதிப்பிலிருந்து உட்கரு மதிப்பைக் கழியுங்கள். உதாரணமாக, வெற்றுப் பிளாஸ்மிடில் −2 வந்தால் உட்கரு-சைட்டோபிளாச விகிதம் 2-இன் அடுக்கு −2, அதாவது 0.25; என்எஸ்பி1-பீட்டாவில் +1 வந்தால் 2. அதாவது உட்கருத் தேக்கம் 8 மடங்கு.

முடிவு மங்கலாக இருந்தால்

பிளாஸ்மிட் ஏறாத செல்கள் சராசரியை இழுத்துவிடும். ஃபிளாக் ஆன்டிபாடியும் ஒலிகோ டிடி ஒளிர் ப்ரோபும் சேர்த்து, செல் செல்லாக நுண்ணோக்கியில் பாருங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) இயல்பான புரதம் பிறழ்வைவிட மெலிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பிளாஸ்மிடின் எம்ஆர்என்ஏ-வும் அதே துளை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். பிறழ்வுப் பிளாஸ்மிடைக் குறைத்து, வெற்றுப் பிளாஸ்மிடால் மொத்தத்தை 2 மைக்ரோகிராமாக்கி, இரண்டு பட்டைகளையும் சமன்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள்.