நாலு பேர் வந்திருந்து கதைக்கும் கோப்பிக்கடை: யாழ்ப்பாணத்தில் தொடங்குவது எப்படி?

கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு, படம் எடுக்க வருகிறவர்களை நம்பி ஒரு கஃபே திறக்க நினைப்பவருக்கு இந்தப் பதிவு உதவாது. காலையில் பென்சன்காரர் வந்து உதயனும் வலம்புரியும் புரட்ட வேண்டும், மத்தியானம் கம்பஸ் பிள்ளைகள் நோட்ஸ் எழுத வேண்டும், பின்னேரம் பிள்ளையின் ரியூசன் முடியும்வரை தாய்மார் காத்திருக்க வேண்டும், இத்தனைக்கும் நடுவில் கடை நட்டமில்லாமல் ஓடவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குத்தான் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் கட்டி வளர்ந்த சனம் நாங்கள். கூடியிருக்கும் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் வாசிகசாலையில் சத்தமாகக் கதைக்க ஏலாது, தேத்தண்ணிக் கடையில் அதிக நேரம் இருக்க ஏலாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கடைக்கு இடம் உண்டு.

கோப்பி போடவும் நாளாந்தக் கணக்கு எழுதவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இடம்

முன்விறாந்தை உள்ள பழைய வீடு கிடைத்தால் யோசிக்காமல் பிடியுங்கள். நாற்சார் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. புதுக் கட்டடங்களில் வாடகைக்கு விடும் கடை அறைகள் பெரும்பாலும் சீமெந்துச் சுவர், ஓடு பதித்த நிலம், தகரக் கூரை. மூன்று மேசையில் ஆட்கள் கதைத்தால் நாலாவது மேசையில் ஒன்றும் விளங்காது. வயதானவர்கள் ஒரு கடைக்குத் திரும்ப வராமல் விடுவதற்கு ருசியைவிட இந்த எதிரொலிதான் காரணமாக இருக்கும். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்படியான அறைதான் அகப்பட்டது என்றால், பனையோலைப் பாயை மரச்சட்டத்தில் அடித்து இரண்டு சுவரிலாவது மாட்டுங்கள். பாய்க்கும் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். சத்தம் நன்றாகக் குறையும், பார்க்கவும் வடிவு.

பிரதான வீதி தேவையில்லை. திருநெல்வேலியில் கம்பஸைச் சுற்றியுள்ள உள்வீதிகள், ரியூட்டரிகள் உள்ள ஒழுங்கைகள் போதும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விட நிழல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மத்தியான வெயிலில் சூடேறிய சீற்றில் ஒருதடவை ஏறியவர் அடுத்த தடவை வேறு கடை பார்ப்பார்.

படி 2: பதிவுகள்

இது சுருக்கம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வியாபார உரிமம் நகருக்குள் என்றால் யாழ்ப்பாண மாநகர சபையில், கொக்குவில் திருநெல்வேலிப் பக்கம் என்றால் நல்லூர் பிரதேச சபையில். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது எல்லாரும் சொல்லும் பீ.எச்.ஐ., குசினியையும் கழிப்பறையையும் தண்ணீரையும் பார்ப்பார். மேசனைக் கூப்பிடுவதற்கு முன்பே அவரைக் கண்டு கதைத்துவிடுங்கள். கை கழுவும் பேசின் எங்கே வர வேண்டும் என்பதை ஓடு பதித்த பிறகு அறிந்தால் காசு வீண்.

வேலைக்கு ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர் பங்கு 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அதுவும் உங்கள் கையிலிருந்து. சம்பளம் பேசும்போதே இந்த 15 வீதத்தைச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

படி 3: தண்ணீர்

இங்கே கொஞ்சம் நின்று போவோம். வெளியூரில் எழுதப்பட்ட கோப்பிக்கடை வழிகாட்டிகளில் தண்ணீருக்கு ஒரு வரிதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது காணாது.

எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மழைநீர் அதற்குள் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்த்தான் கிணற்றில் ஊறுகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்தது திரும்பக் கல்லாகப் படியும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது அதுதான். கேத்தலைச் சுரண்டலாம், கோப்பி மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய குழாயைச் சுரண்ட ஏலாது. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து ஒருநாள் நின்றுவிடும். மெஷின் இல்லாமல் வடித்துக் கொடுத்தாலும் ருசி தப்பாது. தண்ணீரில் காரத்தன்மை கூடினால் கோப்பியின் புளிப்பு முழுக்கச் செத்து, நல்ல கொட்டையும் சோக்கட்டித் தூள் கரைத்த மாதிரி வரும்.

சரி, சவ்வு வழியாக வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீரையே முழுக்க ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். அதில் கனிமம் அனேகமாக இல்லை. கோப்பி சப்பென்று, வெறும் புளிப்பாக நிற்கும். அதோடு பல மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் கம்பி, தண்ணீரில் மின்சாரம் கடத்தப்படுவதை வைத்துத்தான் வேலை செய்கிறது. மிகச் சுத்தமான தண்ணீரை அது தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. தாங்கி நிறைந்த பிறகும் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது கலப்பு. மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் ஜீ.எச். (கடினத்தன்மை), கே.எச். (காரத்தன்மை) பரிசோதனைத் துளி மருந்து விற்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, நிறம் மாறும் வரை துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். பெரும்பாலான மருந்துகளில் ஒரு துளி ஒரு பாகை. ஒரு பாகை என்பது லீற்றருக்கு ஏறக்குறைய 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். கோப்பிக்கு கே.எச். 4 பாகை, அதாவது ஏறத்தாழ 70 மில்லிகிராம், நல்ல இலக்கு. உங்கள் கிணறு 20 பாகை காட்டினால், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு நாலு பங்கு ஆர்.ஓ. தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு.

டீ.டீ.எஸ். மீற்றர் மலிவு என்று அதை மட்டும் வாங்காதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். கடற்கரைப் பக்கத்துக் கிணற்றில் உப்பால் எண் ஏறியதா, சுண்ணாம்பால் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. உவர்க் கிணறு என்றால் கலப்பை மறந்துவிடுங்கள், உப்பு உலோகத்தை அரிக்கும். தோட்ட நிலத்துக்கு அருகிலுள்ள கிணறு என்றால் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆகவே கடை திறக்கும் முன் ஆய்வுகூடத்தில் ஒருதடவை பரிசோதிப்பியுங்கள். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. இந்த இரண்டு வகைக் கிணற்றுக்காரரும் சுத்தமான வேறு கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்துதான் கலக்க வேண்டும்.

மாரி தொடங்கினால் கிணற்று மட்டம் ஏறும், பாகையும் மாறும். அப்போது திரும்ப அளந்து பாருங்கள். கேத்தலுக்கு மாதம் ஒருதடவை சித்திரிக் அமிலத் தூள் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவுங்கள்.

படி 4: கோப்பியும் சாமானும்

முதல் வருடம் எஸ்பிரஸோ மெஷின் வேண்டாம் என்பது என் கட்சி. விலை ஒருபக்கம், அதன் இரைச்சல் இன்னொரு பக்கம். கதைக்க வருகிற கடைக்கு அது பொருத்தமில்லை. அந்தக் காசில் பாதியை நல்ல கிரைண்டருக்குப் போடுங்கள். பிளேட் சுழன்று வெட்டும் மிக்ஸி வகை வேண்டாம். அதில் ஒருபாதி மாவாகவும் மறுபாதி குறுநொய்யாகவும் வரும். அடுத்தது டிஜிட்டல் தராசு. அதற்கடுத்தது துணி வடி: கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், கடதாசி வடி தீர்ந்துபோச்சு என்ற பிரச்சினை இல்லை. காய்ந்த துணியில் பழைய எண்ணெய் மணக்கும் என்பதால் தினமும் வெந்நீரில் அலசி, தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் தூள், தண்ணீர் 92 முதல் 96 பாகை செல்சியஸ் வரை. கொதித்ததும் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டாலே அந்த அளவுக்கு வந்துவிடும். கொட்டையை மலையகத்திலிருந்தே எடுக்கலாம். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டு, பிறகு மலை முழுக்கத் தேயிலையாகிப் போனது பழைய கதை. இப்போது நல்ல கொட்டை திரும்ப வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். மாரியில் எங்கள் காற்றின் ஈரம் வறுத்த கொட்டையைச் சீக்கிரம் பழசாக்கிவிடும்.

பட்டியலில் மல்லிக் கோப்பி கட்டாயம். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு வீட்டில் குடித்த வாய்க்கு அது வேண்டும், இரவில் நித்திரை வராது என்று பயப்படுகிற வயதானவருக்கும் அது வேண்டும். கோப்பித்தூளே போடாமல் மல்லி மட்டும் போட்டும் கொடுக்கலாம். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அதன் விலை சந்தித் தேத்தண்ணிக் கடை விலைக்குக் கிட்ட நிற்கட்டும். லாபத்தைப் பால் கோப்பியிலும் கடியிலும் பாருங்கள். வாய்ப்பனும் பருத்தித்துறை வடையும் வீட்டில் செய்கிற அக்காமாரிடம் எடுத்தால் குசினி வேலை பாதியாகும்.

படி 5: கதிரைக் கணக்கு

"ஒரு கோப்பியோடு ரெண்டு மணித்தியாலம் இருக்கிறாங்கள், எப்படிக் கட்டும்?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த மாதிரிக் கடையைத் தொடங்காதீர்கள்.

உதாரணத்துக்கு உங்கள் கடையில் 24 கதிரை. நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் திறந்திருக்கும். மொத்தம் 6,240 கதிரை மணி. வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்ந்து 2,40,000 ரூபாய் என்று வைப்போம். எல்லாக் கதிரையும் எப்போதும் நிறைந்திருந்தால் ஒரு கதிரை மணிக்கு 38 ரூபாய்தான் செலவு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் 115 ரூபாய். அதாவது உங்கள் செலவைக் கூட்டுகிறது வெறுமையான கதிரை. காலை பத்து மணிக்குப் பத்திரிகையோடு இருக்கும் ஐயா எழும்பிப் போனால் உங்களுக்கு ஒரு சதம் மிச்சமில்லை. அவர் இருப்பதைக் கண்டு இன்னொருவர் உள்ளே வருவது இல்லாமல் போகும்.

பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரை, கடை நிறையும் நேரத்தில்தான் சிக்கல். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யுங்கள். நான் விரும்புவது: நடுவில் பத்துப் பேர் இருக்கக்கூடிய ஒரு நீள மேசை. தனியாக வருபவர் எல்லாம் அதில். பிளக் பொயின்ற் நீள மேசையில் மட்டும். லாப்டொப்காரர் தாமாகவே அங்கே போவார்கள், சின்ன மேசைகள் குடும்பங்களுக்கு மிஞ்சும். அறிவித்தல் பலகை, நேரக் கட்டுப்பாடு எதுவும் தேவைப்படாது.

வேலைசெய்யும் தம்பிக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வெறுங்கோப்பைக்குப் பக்கத்தில் வந்து நின்று "அண்ணை, வேற என்ன வேணும்?" என்று இரண்டாம் தரம் கேட்டால், இங்கே அதற்கு அர்த்தம் எழும்புங்கோ என்பதுதான். கோப்பையை எடுக்கட்டும், தண்ணீர்ச் செம்பை நிரப்பி வைக்கட்டும், பேசாமல் வரட்டும். தேவையானவர் தானே கூப்பிடுவார்.

படி 6: தனியாக வரும் பெண்

சந்திக் கடைகளில் பெண்கள் வந்திருப்பது குறைவு. உங்கள் கடை எல்லாருக்கும் பொதுவா என்று பார்க்க, ஒரு பெண் தனியாக வந்து அரை மணித்தியாலம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறாரா என்று கவனித்தால் போதும். வீதியில் நின்றபடியே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கறுப்புக் கண்ணாடி ஒட்டாதீர்கள். வாசலோடு ஒட்டி மேசை போட வேண்டாம், அதில் பெடியள் கூட்டம் இருந்தால் அவர்களைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்கொளுக்கி, உள்ளே மூடியுள்ள குப்பைக்கூடை, நல்ல லைட். காசு வாங்கும் இடத்தில் ஒரு அக்கா இருந்தால் இன்னும் நல்லது. சிகரெட் விறாந்தையிலும் கூடாது.

படி 7: கூட்டங்கள்

கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம். அது புத்தகம் பற்றிய கதையோ, செஸ்ஸோ, கரம் போர்ட்டோ எதுவாகவும் இருக்கலாம். ஆள் வராத நேரத்தில்தான் வைக்க வேண்டும், பின்னேர நெருக்கத்தில் அல்ல. நுழைவுக் காசு வேண்டாம். ஒலிவாங்கி வேண்டவே வேண்டாம். மைக் வந்தவுடன் நாலு பேர் கதை ஒருவர் பேச்சாகிவிடும்.

கட்சிக் கூட்டத்துக்கு இடமில்லை என்பதை முதலிலேயே எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுங்கள். இன்னொரு வகைக் கூட்டமும் வரும்: கோட் போட்ட ஒருவர், லாப்டொப், எதிரே மூன்று பெடியள், பேப்பரில் மேலிருந்து கீழே விரியும் வட்டங்கள். பிரமிட் முறை வியாபாரம் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. மரியாதையாக, கோப்பிக்குக் காசு வாங்காமலே அனுப்பிவிடுங்கள்.

வாசகர் கேட்டவற்றுக்காகப் பின்னர் சேர்த்தது

நல்லூர்த் திருவிழாக் காலம் பற்றிக் கேட்டிருந்தார்கள். அந்த 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். உங்கள் கடை அந்தப் பக்கம் என்றால் பால், காஸ் சிலிண்டர் எல்லாம் எந்த வழியால், எத்தனை மணிக்கு வரும் என்று முன்பே பேசி வையுங்கள். மீன் றோல்ஸ், இறைச்சிப் பற்றீஸ் இரண்டையும் நிறுத்திவிட்டு மரக்கறிக்கு மாறுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூடும் காலமும் அதுதான். அவர்களை நம்பி விலையை ஏற்றினால், அவர்கள் போன பிறகு ஊர் ஆட்கள் திரும்பி வரமாட்டார்கள்.

கடன் கொப்பி வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். கடன்காரர் காசு தராமல் விடுவதைவிட, வெட்கத்தில் வராமல் விடுவதுதான் நடக்கும். காசில்லாத நாளில் ஒரு மல்லிக் கோப்பியைச் சும்மா கொடுத்துவிடுங்கள், எழுத வேண்டாம்.

மின்வெட்டுக்கு: ரூட்டர், இரண்டு லைட், ஒரு ஃபேன், இவற்றுக்குச் சின்ன இன்வேர்ட்டர் போதும். தண்ணீரைக் காஸ் அடுப்பில் கொதிக்க வையுங்கள். மின்கேத்தல் போலச் சூடாக்கும் எதையும் இன்வேர்ட்டரில் செருக வேண்டாம். கிரைண்டர் தொடங்கும் கணத்தில் அதிக மின்சாரம் இழுக்கும். இன்வேர்ட்டர் வாங்கும்போதே கடைக்காரருக்குக் கிரைண்டரின் வாட்ஸைக் காட்டி, அது தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.