சளி போயிடுச்சு, சைனஸ் மட்டும் போகலையா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதும், வந்த பிறகு செய்ய வேண்டியதும்

கன்னத்துல கனம், குனிஞ்சா நெத்தியில வலி, ராத்திரி படுத்தா தொண்டைக்குள்ள சளி இறங்கிக்கிட்டே இருக்கும், மூக்கு ஒரு பக்கம் திறந்தா இன்னொரு பக்கம் அடைச்சுக்கும். இது வாரக்கணக்கா இழுத்தா எவ்வளவு அலுப்புன்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு இது ரொம்ப நாள் இருந்து இப்போ கட்டுக்குள்ள இருக்கு, அதனால டாக்டர பாக்குற வழிய ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதுறேன். சைனஸ்னா என்ன, எங்க இருக்குங்கிறதுக்குள்ள எல்லாம் போகல, வலிக்கிற இடமே உங்களுக்கு சொல்லியிருக்கும்.

எதுக்கும் முன்னாடி இத பாருங்க

கண்ணச் சுத்தி வீக்கம் சிவப்பு, பார்வை ரெண்டா தெரியுறது, கண்ண அசைச்சா வலி, இதுவரைக்கும் வராத அளவுக்கு தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சுல குழப்பம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேணாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. சைனஸ் கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்துலயே இருக்குறதால இன்ஃபெக்ஷன் அங்க பரவ வாய்ப்பிருக்கு, அபூர்வம்தான், ஆனா காத்திருக்கக் கூடாது.

ஸ்டெப் 1: நாள எண்ணுங்க

சாதாரண வைரஸ் சளி பெரும்பாலும் 10 நாளுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடும். பாக்டீரியாவான்னு டாக்டர் சந்தேகப்படுறது மூணு விதத்துல. 10 நாள் தாண்டியும் கொஞ்சம்கூட குறையல. இல்லன்னா, நடுவுல நல்லா குறைஞ்சு, 'அப்பாடா'ன்னு இருக்கும்போது திடீர்னு காய்ச்சலோட மறுபடி ஏறுது. இல்லன்னா ஆரம்பத்துலயே 102 டிகிரி காய்ச்சல், கெட்டியான சளி, முகவலின்னு 3, 4 நாள் விடாம படுத்துது.

சளி பச்சையா மஞ்சளா இருக்குங்கிறத மட்டும் வெச்சு ஆன்டிபயாட்டிக் கேக்காதீங்க. வைரஸ் சளியிலயும் அந்த நிறம் வரும்.

ஸ்டெப் 2: ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க

நான் மாட்டிக்கிட்டு நின்ன இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

டாக்டர் ரூம்ல கிடைக்கிறது சில நிமிஷம். நாம போய் 'ரொம்ப நாளா சளி சார்'னு சொன்னா அவங்க இப்போ வந்த சளிக்கு மருந்து எழுதுவாங்க, அவங்க மேல தப்பில்ல. இந்த வியாதியில எத்தன நாளா இருக்குங்கிறதுதான் ட்ரீட்மென்ட்டையே மாத்துது. 4 வாரத்துக்குள்ளன்னா அது அக்யூட். 12 வாரம் தாண்டிடுச்சுன்னா க்ரானிக், அது கிட்டத்தட்ட வேற வியாதி, அங்க கிருமிய விட உள்சவ்வோட வீக்கம்தான் பெரிய பிரச்சினை, அதனால ஆன்டிபயாட்டிக்க மாத்தி மாத்தி போட்டாலும் முழுசா அடங்காது. வருஷத்துக்கு 4 தடவையோ அதுக்கு மேலயோ வந்து, நடுவுல சுத்தமா சரியாயிடுதுன்னா அது மூணாவது வகை, திரும்பத் திரும்ப வர்றது.

என்னைப் பாத்த இஎன்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "நடுவுல முழுசா சரியாச்சா, இல்ல குறைஞ்சு மட்டும் இருந்துச்சா?" அப்படிங்கிறதுதான். நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உடனே அவங்களே "அந்த நல்ல நாள்கள்ல சோப்பு வாசனை தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. தெரியல. அந்த ஒரு பதில்ல டாக்டர் போன ரூட்டே மாறிடுச்சு. வாசனை தெரியாம இருந்தா நடுவுலயும் வீக்கம் அப்படியே இருந்திருக்குன்னு ஒரு துப்பு கிடைக்குது.

அதனால பேப்பர்ல எழுத வேண்டியது: எந்த தேதியில ஆரம்பிச்சுது, நடுவுல முழுசா விட்டுதா, வாசனை எப்படி, ஒரு பக்கமா ரெண்டு பக்கமுமா, இதுவரைக்கும் சாப்பிட்ட மருந்து பேர் எத்தன நாள் (பழைய சீட்ட போட்டோ எடுத்து வெச்சா போதும்), பென்சிலின் மாதிரி எதாவது அலர்ஜி, ஆஸ்துமா, சுகர், பிரஷர், கர்ப்பமா இருந்தா அதுவும். ஆஸ்பிரின் போட்டா மூச்சு இழுக்குதுன்னா அத கண்டிப்பா சொல்லுங்க, மூக்குல பாலிப் சதை வளர்றது, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒத்துக்காதது மூணும் ஒண்ணா சேர்ந்து வர்ற ஒரு வகை இருக்கு.

மேல்பல்லு வலி இருந்தாலும் எழுதுங்க. கன்னத்து சைனஸோட தரை மேல் கடைவாய்ப் பல்லு வேர் மேலதான் உக்காந்திருக்கு, பல்லுல சீழ் வெச்சா சைனஸுக்கு ஏறும். ஒரே பக்கம், கெட்ட நாத்தம்னா பல் டாக்டரையும் சேர்த்துப் பாக்கணும்.

இன்னொண்ணு, தலைவலி மட்டும் இருக்கு, மூக்குல ஒண்ணும் வரல, வெளிச்சம் பாத்தா கூசுது, குமட்டுதுன்னா அது மைக்ரேனா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு. பல பேர் அத சைனஸ்னு நெனச்சு வருஷக்கணக்கா தப்பான மருந்து சாப்பிடுறாங்க, பாவமா இருக்கும்.

ஸ்டெப் 3: டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

பொது டாக்டர்கிட்டயே ஆரம்பிக்கலாம். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்"னு சொன்னா கோவப்படாதீங்க, பாக்டீரியாவா இருந்தாகூட சில பேருக்கு தானா அடங்கிடும், அதனால சில நாள் கவனிக்கிறதும் முறையான வைத்தியம்தான். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி "எத்தன நாள்ல குறையலன்னா திரும்ப வரணும்?"னு ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க, பதில அதே பேப்பர்ல எழுதிக்கோங்க. ஆன்டிபயாட்டிக் குடுத்தா சொன்ன நாள் வரைக்கும் போடணும், வீட்டுல மிச்சம் கெடக்குற மாத்திரைய எடுத்து முழுங்குறது வேணாம்.

12 வாரம் தாண்டினா, இல்ல திரும்பத் திரும்ப வந்தா, இஎன்டிக்கு எழுதிக் குடுங்கன்னு நீங்களே கேக்கலாம்.

ஸ்டெப் 4: இஎன்டியில என்ன நடக்கும்

எண்டோஸ்கோப்பின்னு பயப்படாதீங்க. முதல்ல மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, தொண்டைக்குள்ள கசப்பா இறங்கும், பல்லு லேசா மரத்த மாதிரி இருக்கும். அப்புறம் முனையில கேமரா இருக்குற மெல்லிசான குழாய மூக்குக்குள்ள விடுவாங்க. கண்ணுல தண்ணி வரும், தும்மல் வர்ற மாதிரி இருக்கும், வலின்னு பெருசா சொல்ல முடியாது. வாயால மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே இருங்க. சில நிமிஷம்தான்.

தேவைப்பட்டா சிடி ஸ்கேன் சொல்வாங்க. சாதாரண எக்ஸ்ரேல பல விஷயம் தெரியாது. சிடியும் சளி உச்சத்துல இருக்கும்போது எடுத்தா யாருக்கு எடுத்தாலும் அடைப்பாத்தான் காட்டும், அதனால மருந்து போட்டு முடிச்சு எடுக்கச் சொன்னா காரணம் இருக்கு.

ஸ்டெப் 5: வீட்டுக்கு வந்த பிறகு, ஸ்ப்ரேயும் கழுவுறதும்

எழுதிக் குடுக்குறது பெரும்பாலும் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரே. எப்படி அடிக்கணும்னு பல இடத்துல யாரும் சொல்லித் தர்றதில்ல, அதுதான் எனக்கு ஆதங்கம். பாட்டில குலுக்கி, தலைய லேசா முன்னாடி குனிஞ்சு, இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடு எலும்ப பாக்காம அதே பக்கத்து கண்ணோட வெளி ஓரத்த பாத்து இருக்கணும். நடுவுல அடிச்சா மூக்குல ரத்தம் வரும். அடிக்கும்போது மெதுவா மூச்சு இழுத்தா போதும், தொண்டையில மருந்து ருசி தெரிஞ்சா வேகமா இழுத்துட்டீங்கன்னு அர்த்தம். முழு பலன் தெரிய சில வாரம் ஆகும், தினமும் விடாம அடிக்கணும். ரெண்டு நாள் அடிச்சிட்டு 'கேக்கல'ன்னு தூக்கிப் போட்றாதீங்க.

மெடிக்கல்ல கேட்டா கிடைக்கிற ஆக்ஸிமெட்டாஸோலின், ஸைலோமெட்டாஸோலின் ஸ்ப்ரே வேற ரகம். அடிச்ச உடனே திறக்கும், ஆனா 3 நாளுக்கு மேல தொடர்ந்தா அதுவே அடைப்ப கூட்டிடும், அப்புறம் அது இல்லாம தூங்கவே முடியாது.

உப்புத் தண்ணியில மூக்கு கழுவுறதுக்கு நான் அமுக்குற பாட்டில் பக்கம். சின்ன சலைன் ஸ்ப்ரேய விட நிறைய தண்ணி போற பாட்டில் நல்லா சுத்தம் பண்ணுது. முதல்ல கழுவி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் மருந்து ஸ்ப்ரே. இந்த வரிசை முக்கியம், மாத்தி செஞ்சா மருந்து கழுவிக்கிட்டு போயிடும். கழுவின பிறகு குனிஞ்சு தலைய ரெண்டு பக்கமும் சாய்ச்சா உள்ள தங்கின தண்ணி இறங்கும், பலமா சிந்தாதீங்க, காதுக்குப் போகும்.

அப்டேட்: நிறைய பேர் "ஃபில்டர் தண்ணி போதுமா?"ன்னு கேட்டிருக்கீங்க. வேணாம். கொதிக்க ஆரம்பிச்ச பிறகு 1 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு ஆறின தண்ணி, இல்லன்னா டிஸ்டில்டு தண்ணி, இது ரெண்டுதான். நெக்லீரியா ஃபௌலெரின்னு ஒரு அமீபா இருக்கு, குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனா மூளைக்கு ஏறி கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்னுடும். ரொம்ப அபூர்வம், ஆனா தண்ணி கொதிக்க வைக்கிறது ஒரு வேலையே இல்ல. பாட்டிலையும் ஒவ்வொரு தடவையும் கழுவி காய வைங்க.

இன்னொரு அப்டேட்: ஆபரேஷன் பண்ணினா இதெல்லாம் வேணாமான்னு ஒருத்தர் கேட்டார். எண்டோஸ்கோப்பி வழியா செய்யிற ஆபரேஷன்ல சைனஸோட வடிகால் வாசல பெருசாக்கி விடுறாங்க, வீக்கம் வர்ற தன்மை அப்படியேதான் இருக்கும். அதனால அதுக்குப் பிறகும் கழுவுறதும் ஸ்ப்ரேயும் தொடரணும், இப்போ மருந்து உள்ள வரைக்கும் போய்ச் சேரும்.

சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, எதிர்ப்பு சக்திய குறைக்கிற மருந்து எடுக்குறவங்க இந்த நாள் கணக்க எல்லாம் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. மூக்குலயோ அண்ணத்துலயோ கருப்பா தெரிஞ்சா, முகம் ஒரு பக்கம் மரத்துப்போனா பூஞ்சைத் தொற்றா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. சின்னக் குழந்தைக்கு ஒரே மூக்குல நாத்தத்தோட சளி வந்தா சைனஸ்னு நெனைக்காம முதல்ல உள்ள ஏதாவது திணிச்சு வெச்சிருக்கான்னு டாக்டர பாக்கச் சொல்லுங்க, வீட்டுலயே நோண்டி எடுக்காதீங்க.